நியூ ஹேவன் புல்வெளி: பொதுநிலமும் திருச்சபையின் சாட்சியும்

திருச்சபை வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் சங்கங்களையும் விசுவாசப் பிரமாணங்களையும் சீர்திருத்தத் தலைவர்களையும் பற்றியே கற்கின்றனர். திருச்சபை எந்த நிலத்தின்மேல் நின்றது, அந்நிலம் யாருடையதாயிருந்தது, அங்கே யார் வரவேற்கப்பட்டனர், யார் புறம்பாக்கப்பட்டனர் என்னும் வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். ஆயினும் ஒரு சபை தன் பிரசங்கங்களில் மறைத்துவிடும் உண்மைகளை அதன் நிலம் பல வேளைகளில் வெளிப்படுத்திவிடுகிறது. இதற்குச் சான்றாக, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள நியூ ஹேவன் என்னும் சிறுநகரின் நடுவே அமைந்த பொதுப்பூங்காவின் வரலாற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். அந்நகரத்தார் அதனைக் ‘கிரீன்’, அதாவது பசும்புல்வெளி, என்றே வழங்குகின்றனர்.

இப்புல்வெளி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1816 இல் யாழ்ப்பாணத்திலும் 1834 இல் மதுரையிலும் பணி தொடங்கிய அமெரிக்க மிஷனெரிமார், நியூ இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் மரபில் வளர்ந்தவர்கள். அந்த மரபு வேரூன்றிய நகரங்களுள் நியூ ஹேவனும் ஒன்று. நம் சபைகள் பெற்றுக்கொண்ட சபை ஒழுங்கின் வலிமையையும் குறையையும் அதன் பிறப்பிடத்திலேயே காண்பது பயனுடையது.

1. நகரின் நடுவே ஒரு சதுரம்

1638 ஏப்ரலில், லண்டனில் குருவாயிருந்த ஜான் டேவன்போர்ட்டும் வணிகரான தியோஃபிலஸ் ஈட்டனும் தலைமைதாங்கிய பியூரிட்டன் கூட்டத்தார் குவின்னிபியாக் துறைமுகத்தை அடைந்தனர். அங்கு வாழ்ந்த குவின்னிபியாக் மக்கள் முன்னரே பெரியம்மையால் பெரிதும் அழிந்து, அண்டை இனத்தாரின் நெருக்கடிக்கும் உட்பட்டிருந்தனர். அவர்களுடைய தலைவர் மோமாகுவினோடு 1638 நவம்பர் 24 ஆம் நாள் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. பன்னிரண்டு மேலங்கிகள், பன்னிரண்டு கரண்டிகள், பன்னிரண்டு கோடரிகள், பன்னிரண்டு மண்வெட்டிகள், சில கத்திகள் முதலியன விலையாகக் கொடுக்கப்பட்டன. துறைமுகத்தின் கீழ்க்கரையில் ஒரு பகுதி மட்டும் குவின்னிபியாக் மக்களுக்கென ஒதுக்கப்பட்டது. அவர்களுடைய நாடு அந்த ஒதுக்கு நிலமாகச் சுருங்கிற்று.

குடியேறியோர் நகரை ஒன்பது சதுரங்களாக வகுத்தனர். சுற்றிலும் உள்ள எட்டுச் சதுரங்கள் வீடுகளுக்கு. நடுவில் உள்ள ஒன்பதாவது சதுரம், ஏறத்தாழ 16 ஏக்கர், எவருக்கும் தனியுடைமையாகாத சந்தைவெளி. எசேக்கியேல் தரிசித்த சதுர நகரமும், எண்ணாகமம் 35 ஆம் அதிகாரம் லேவியருக்கு வகுத்த நகரங்களும் அவர்கள் மனத்தில் இருந்தன என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். ஆண்டவரின் வருகையின்போது மீட்கப்பட்டோர் கூடுதற்குப் போதுமான அளவில் அவ்வெளி அமைக்கப்பட்டது என்னும் மரபுக் கதையும் அந்நகரில் வழங்குகிறது. இவை எவ்வாறாயினும், 1640 இல் அச்சதுரத்தின் நடுவே அவர்கள் கட்டிய முதற்பெரும் பொதுக்கட்டடம் ஆராதனை வீடே. அதே வெளியில் சந்தையும் கூடிற்று, போர்ப்பயிற்சியும் நடந்தது, மரித்தோரும் அடக்கம் செய்யப்பட்டனர். வாழ்வு முழுவதும் கடவுளின் கண்முன் ஒரே வெளியில் நடைபெற வேண்டும் என்பது பியூரிட்டன் நம்பிக்கை. அதன் மேன்மையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

2. உள்ளே யார், வெளியே யார்

எனினும் பொதுநிலம் இருந்ததனால் பொது உரிமையும் இருந்தது என்று எண்ணுவது தவறாகும். 1639 ஜூன் 4 ஆம் நாள் ராபர்ட் நியூமன் என்பவரின் களஞ்சியத்தில் குடியேறிகள் கூடினர். ஞானம் தன் வீட்டிற்கு ஏழு தூண்களை அமைத்ததாகக் கூறும் நீதிமொழிகள் 9:1 ஐ அடிப்படையாகக் கொண்டு, சபைக்கு அடித்தளமாக எழுவரைத் தெரிந்தெடுக்க வகை செய்தனர். சபையின் முழு அங்கத்தினர் மட்டுமே வாக்களிக்கவும் ஆளவும் உரிமையுடையோர் எனவும் முடிவு செய்தனர். அப்போது ஒருவர் எழுந்து, சுதந்தரமான குடிமக்கள் தம் அதிகாரத்தைத் தம் கையினின்று விட்டுவிடலாகாது என்று மறுத்துரைத்ததாக அந்நாளைய பதிவேடு கூறுகிறது. அம்மறுப்பு ஏற்கப்படவில்லை. நீதிமன்றங்களில் ஜூரர் முறையும் நீக்கப்பட்டது. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் அதற்கு இடமில்லை என்பதே காரணம்.

இவ்வாறு அமைந்த ஆட்சியின் தன்மையைச் சில நிகழ்ச்சிகள் தெளிவாக்கும். 1639 அக்டோபரில், கொலைக்குற்றம் சாட்டப்பட்ட நேப்பாபக் என்னும் பீக்வாட் இனத்தவர் கொல்லப்பட்டு, அவருடைய தலை சந்தைவெளியில் ஒரு கம்பத்தில் நடப்பட்டது. ஆராதனை வீடு எழுவதற்கு முன்னரே அந்தத் தலை அவ்வெளியில் நின்றது என்பது நம் சிந்தனைக்குரியது. 1645 இல், ஆளுநர் ஈட்டனின் மனைவி ஆன் ஈட்டன் சபையினின்று விலக்கப்பட்டார். குழந்தைத் திருமுழுக்கிற்குத் திருமறை ஆதாரம் இல்லை என்று ஒரு நூலை வாசித்துத் தெளிந்த அவர், திருமுழுக்கு நடைபெறும் வேளையில் ஆராதனையைவிட்டு வெளியேறியதே விசாரணைக்குத் தொடக்கமாயிற்று. 1658 இல் ஹம்ஃப்ரி நார்ட்டன் என்னும் குவேக்கர், சாட்டையால் அடிக்கப்பட்டு, கள்ளப்போதகன் என்பதற்கு அடையாளமான எழுத்து கையில் சூடிடப்பட்டுத் துரத்தப்பட்டார்.

ஆனால், அடுத்த மூன்றே ஆண்டுகளில் அதே சபை வேறு முகத்தைக் காட்டிற்று. மன்னர் முதலாம் சார்லஸின் மரண தண்டனையில் கையொப்பமிட்ட எட்வர்ட் வாலி, வில்லியம் காஃப் ஆகிய இருவர் 1661 இல் உயிருக்கு அஞ்சி ஓடிவந்தபோது, டேவன்போர்ட் அவர்களைத் தம் வீட்டில் மறைத்தார். துரத்தப்பட்டோரை ஒளித்துக் காக்குமாறு கூறும் ஏசாயா 16 ஆம் அதிகாரத்தை அவர் பிரசங்கித்தார். மூன்றாமவரான ஜான் டிக்ஸ்வெல் மாற்றுப் பெயரோடு அந்நகரில் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1689 இல் மரித்து, புல்வெளியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். மன்னரின் சினத்திற்கு அஞ்சாது அகதிகளைக் காத்த துணிவு போற்றற்குரியது. ஆயினும், தம்மைப்போன்ற கொள்கையுடைய அகதிக்குத் திறந்த கதவு, வேறு கொள்கையுடைய குவேக்கருக்கு ஏன் மூடப்பட்டது? ஏசாயாவின் சொல்லைத் தம்மவர்க்கு மட்டும் உரியதாக்கிக்கொண்டதே இதற்கு விடை.

1665 இல் நியூ ஹேவன் கனெக்டிகட்டோடு இணைக்கப்பட்டது. தம் கனவு கலைந்ததெனக் கருதிய டேவன்போர்ட் 1668 இல் பாஸ்டனுக்குச் சென்று 1670 இல் மறைந்தார்.

3. சென்னைக் கோட்டையின் செல்வம்

ஆன் ஈட்டன் தம் முதற்கணவர் வழியாகப் பெற்ற மகனின் பிள்ளையே எலிஹு யேல். 1649 இல் பாஸ்டனில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராகச் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராயிருந்தார். கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயம் 1680 அக்டோபரில் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவ்வாலயத்தில் முதன்முதலில் பதிவான திருமணம் அதே ஆண்டு நவம்பரில் நடந்த யேலின் திருமணமே. அவர் பங்குபெற்ற கோட்டையின் ஆலோசனைச் சபை, புறப்படும் ஒவ்வோர் ஐரோப்பியக் கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றி அனுப்ப வேண்டுமென ஆணையிட்டதும் வரலாறே. அவ்வாறு ஏற்றப்பட்டோர் நம் கடற்கரையில் வாங்கப்பட்ட மக்கள்.

1716 இல் கனெக்டிகட்டின் கல்லூரி நியூ ஹேவனுக்கு மாற்றப்பட்டு, புல்வெளியை நோக்கியவாறு அதன் முதற்கட்டடம் எழுந்தது. 1718 இல் யேல் ஒன்பது பொதிச் சரக்குகளையும் 417 நூல்களையும் மன்னரின் உருவப்படம் ஒன்றையும் அனுப்பினார். சரக்குகள் ஏறத்தாழ 562 பவுனுக்கு விற்கப்பட்டன. கல்லூரி அவர் பெயரைப் பெற்றது. போதகர்களைப் பயிற்றுவிக்கும் நோக்கத்தோடு தோன்றிய ஒரு கல்லூரியின் கட்டடத்தில் சோழமண்டலக் கரையில் ஈட்டிய செல்வமும் கலந்திருக்கிறது என்பதைத் தமிழ் இறையியல் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். அப்பல்கலைக்கழகம், அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்பை ஆய்ந்து ஒரு வரலாற்று நூலை வெளியிட்டு, 2024 பிப்ரவரியில் மன்னிப்புக் கோரிற்று.

4. மூன்று ஆலயங்களும் மரித்தோரும்

பதினெட்டாம் நூற்றாண்டின் எழுப்புதல் நியூ ஹேவன் சபையைப் பிளந்தது. 1741 இல் ஜேம்ஸ் டேவன்போர்ட், தம் முன்னோர் ஜான் டேவன்போர்ட் நிறுவிய அதே சபையின் போதகரை மனமாற்றமடையாதவர் என்று கண்டித்தார். அடுத்த ஆண்டில் ஒரு பிரிவினர் தனிச்சபையாயினர். இப்பிளவுகளின் விளைவை இன்றும் புல்வெளியில் காணலாம். 1812 க்கும் 1816 க்கும் இடையில் மூன்று ஆலயங்கள் அங்கே ஒரே வரிசையில் எழுந்தன: நடுவில் ஆதிச்சபையின் மைய ஆலயம், வடக்கே எழுப்புதல் வழிவந்தோரின் வடக்கு ஆலயம், தெற்கே எப்பிஸ்கோப்பல் சபையாரின் திரித்துவ ஆலயம். ஆயர்களின் ஆட்சிக்கு அஞ்சிக் கடல் கடந்தவர்களின் பேரர்கள், ஆயர்களையுடைய சபைக்குத் தம் பொதுவெளியில் இடமளித்தது சிறிய மாற்றமன்று. 1818 ஆம் ஆண்டு அரசியலமைப்பினால் கனெக்டிகட்டில் அரசுச் சபைமுறை ஒழிந்தது. அம்மாநிலத்தின் புகழ்பெற்ற போதகர் லைமன் பீச்சர் அந்நாளை இருண்ட நாள் என்று புலம்பினார். பின்னர் அதுவே சபைக்குக் கிடைத்த பெரும் நன்மை என்று அவரே ஒப்புக்கொண்டார். அரசின் ஊன்றுகோலை இழந்த சபை தன் கால்களால் நடக்கக் கற்றுக்கொண்டது.

மைய ஆலயம் கட்டப்பட்ட இடம் அடக்க நிலமாயிருந்தது. கல்லறைகளை அகற்றாமல், அவற்றின்மேல் தளம் அமைத்து ஆலயத்தை எழுப்பினர். அதனால் ஆலயத்தின் அடித்தளத்தில் 137 கல்லறைக் கற்கள் இன்றும் நின்ற நிலையிலேயே உள்ளன; அவற்றுள் மிகப் பழையது 1687 ஆம் ஆண்டுக்குரியது. 1797 இல் குரோவ் தெருவில் புதிய அடக்க நிலம் ஏற்பட்டது. 1821 இல் புல்வெளியில் எஞ்சிய கற்கள் அங்கே கொண்டுபோகப்பட்டன. கற்கள்தாம் சென்றன, உடல்கள் செல்லவில்லை. ஐயாயிரத்திற்கும் பதினாயிரத்திற்கும் இடைப்பட்டோர் அப்புல்லின்கீழ் உறங்குவதாக மதிப்பிடுகின்றனர். 2012 அக்டோபரில் பெரும்புயல் ஒன்றில், ஆபிரகாம் லிங்கனின் நூற்றாண்டு நினைவாக 1909 இல் நடப்பட்ட கருவாலிமரம் சாய்ந்தபோது, அதன் வேர்களினிடையே மனித எலும்புகள் வெளிப்பட்டன. மறக்கப்பட்டோரை நிலம் மறப்பதில்லை.

5. ஏலமும் விடுதலையும்

இனிக் காணவிருப்பதே இவ்வரலாற்றின் மையப்பகுதி எனலாம். எழுப்புதல் வழிவந்த சபையின் போதகரான இளைய ஜானதன் எட்வர்ட்ஸ், 1791 செப்டம்பரில் நியூ ஹேவனில் நிகழ்த்திய பேருரையில், அடிமை வாணிகமும் அடிமை முறையும் அநீதியென்று திருமறையின் பொன்விதியைக்கொண்டு நிறுவினார். புகழ்பெற்ற இறையியலாளரான அவர் தந்தையே அடிமைகளை வைத்திருந்தவர் என்பதை நினைத்தால் இவ்வுரையின் துணிவு புலப்படும். ஆனால், முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், 1825 இல், லூசி டிரிட்டன் என்னும் தாயும் லோயிஸ் என்னும் மகளும் அதே நகரின் புல்வெளியில் ஏலத்தில் விற்கப்பட்டனர். அவர்களை வாங்கியவர் பின்னர் விடுவித்தார். எனினும் விற்பனை விற்பனையே. அப்போது மூன்று ஆலயங்களும் அங்கே நின்றுகொண்டிருந்தன. பிரசங்க பீடத்திற்கும் ஏலமேடைக்கும் இடையே ஒரு தெருவின் அகலமே இருந்தது.

1831 இல், கறுப்பின மக்களின் சபைக்குப் போதகராயிருந்த வெள்ளையரான சிமியன் ஜாஸ்லினும் நண்பர்களும், கறுப்பின இளைஞர்க்கென நியூ ஹேவனில் ஒரு கல்லூரி நிறுவ முயன்றனர். நகர மக்கள் கூடி, ஏறத்தாழ 700 பேர் எதிராகவும் நால்வர் ஆதரவாகவும் வாக்களித்து அத்திட்டத்தை வீழ்த்தினர். சில ஆண்டுகளுக்குப்பின், அடிமைத்தனத்தினின்று தப்பிவந்த ஜேம்ஸ் பென்னிங்டன் யேல் இறையியல் பள்ளியை நாடினார். அவர் மாணவராகச் சேர்க்கப்படவில்லை. வகுப்பின் பின்புறம் இருந்து கேட்கலாம், பேசலாகாது, நூலகத்தினின்று நூல் எடுத்தலும் ஆகாது. இந்நிலையிலும் கற்றுத் தேர்ந்து போதகரான அவருக்கு 1849 இல் ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. யேல் அவருக்குப் பட்டம் வழங்கியதோ 2023 இல். இறையியல் கற்பிக்கும் நம் நிறுவனங்களில் எவர் பின்வரிசையில் இருத்தப்படுகின்றனர் என்பதை ஆராய்ந்து பார்க்க இந்த ஒரு வரலாறே போதும்.

1839 இல் புல்வெளி மற்றொரு காட்சியைக் கண்டது. ஆப்பிரிக்காவின் மெண்டே இன மக்கள் ஐம்பத்துமூவர் கியூபாவில் அடிமைகளாக விற்கப்பட்டு ‘அமிஸ்டாட்’ என்னும் கப்பலில் கொண்டுசெல்லப்பட்டனர். செங்பே பியே என்பவரின் தலைமையில் அவர்கள் கப்பலைக் கைப்பற்றினர். ஆயினும் லாங் ஐலண்டு கரையருகே பிடிபட்டு, புல்வெளியின் அருகே இருந்த நியூ ஹேவன் சிறையில் அடைக்கப்பட்டனர். சிறைக்காவலர் கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்களைக் காட்சிப்பொருளாக்கினார். உடற்பயிற்சிக்கென அவர்கள் புல்வெளிக்கு அழைத்துவரப்பட்டபோதும் மக்கள் கூட்டமாய்த் திரண்டு வேடிக்கை பார்த்தனர்.

அவர்களுடைய மொழியை அறிந்தார் எவருமிலர். அப்போது யேலில் திருமறை மொழிகளைக் கற்பித்த பேராசிரியர் ஜொசையா வில்லர்ட் கிப்ஸ் சிறைக்குச் சென்றார். விரல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, ஒன்று முதல் பத்து வரையிலான எண்களை அவர்கள் மொழியில் கற்றுக்கொண்டார். பின்னர் நியூயார்க் துறைமுகத்திற்குச் சென்று, கப்பல்களிடையே அவ்வெண்களை உரக்கச் சொல்லிக்கொண்டே நடந்தார். ஜேம்ஸ் கோவி என்னும் மாலுமி அச்சொற்களை இனங்கண்டார். அவர் அடிமைக் கப்பலினின்று மீட்கப்பட்ட மெண்டே இனத்தவர். அவருடைய மொழிபெயர்ப்பினால் சிறைப்பட்டோர் தம் வரலாற்றைத் தாமே எடுத்துரைக்க முடிந்தது. எபிரேய இலக்கணம் கற்பித்தவர் துறைமுகத்தில் எண்களைக் கூவிக்கொண்டு நடந்தது, இறையியற் கல்வியின் வரலாற்றில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்க நிகழ்ச்சி. மொழியறிவு ஒடுக்கப்பட்டோரின் குரலுக்கு வழிதிறந்த வேளை அது.

இறையியல் மாணவர் சிறைப்பட்டோருக்கு எழுத்தறிவித்தனர். நியூ ஹேவன் வழக்கறிஞர் ரோஜர் ஷெர்மன் பால்ட்வின் வாதாடினார். இறுதியில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸும் உச்சநீதிமன்றத்தில் வாதிட்டார். 1841 மார்ச் 9 ஆம் நாள் அவர்கள் சுதந்தரர் எனத் தீர்ப்பாயிற்று. எஞ்சிய முப்பத்தைவர் அவ்வாண்டின் இறுதியில் தாயகத்திற்குப் புறப்பட்டனர். இம்முயற்சியிலிருந்து 1846 இல் அமெரிக்க மிஷனெரி சங்கம் தோன்றிற்று. உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலை பெற்ற மக்களுக்கென ஃபிஸ்க், டல்லடேகா முதலிய கல்லூரிகளை ஊன்றியதில் அச்சங்கத்திற்குப் பெரும்பங்குண்டு. நியூ ஹேவன் ஒரு கல்லூரியை மறுத்தது. அந்நகரின் சிறையில் இருந்தோரின் விடுதலைக்காகத் தோன்றிய ஓர் இயக்கம் பல கல்லூரிகளுக்கு வித்தாயிற்று. சிறை இருந்த இடத்தில் இன்று நகர மன்றம் நிற்கிறது. அதன் முன்னே 1992 இல் செங்பே பியேயின் வெண்கல நினைவுச்சின்னம் நிறுவப்பட்டது.

6. அண்மைக் காலம்

1970 மே முதல் நாளன்று, கறுஞ்சிறுத்தை இயக்கத்தினர்மீது நடந்த வழக்கை எதிர்த்து, ஏறத்தாழ பதினைந்தாயிரம் பேர் புல்வெளியில் திரண்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே அப்பகுதி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2018 ஆகஸ்டில், செயற்கைப் போதைப்பொருள் ஒன்றினால் இரண்டொரு நாள்களுக்குள் எழுபதுக்கும் மேற்பட்ட முறை மக்கள் அங்கே மயங்கி விழுந்து மருத்துவ உதவி பெற்றனர். வீடற்றோரும் வேலையற்றோரும் பகற்பொழுதைக் கழிக்கும் இடமாக அது மாறியிருப்பதை நாடு அன்று அறிந்தது. இவர்களை அகற்றிவிட வேண்டும் என்னும் குரல் எழுவதும் இயல்பே. ஆயினும் திரித்துவ ஆலயத்தார் ஞாயிறு பிற்பகல்களில் வீடற்றோருடன் புல்வெளியிலேயே ஆராதனை நடத்தி, உணவும் பகிர்ந்துகொள்ளும் பணியைத் தொடங்கினர். முதல் ஆராதனை வீட்டினுள் அவரவர் அந்தஸ்தின்படி இருக்கைகள் ஒதுக்கப்பட்ட அதே வெளியில், இருக்கையே இல்லாதவர்கள் திருவிருந்தில் பங்குபெறுகின்றனர்.

இன்றும் அந்நிலம் நகராட்சியின் உடைமையன்று. மூன்று சபைகளின் உடைமையுமன்று. ஆதிக் குடியேறிகளின் வழியுரிமையில் ஐவர் கொண்ட குழு அதனைப் பொதுமக்களின் பொருட்டுக் காத்துவருகிறது. ஆலயங்கள் அங்கே நிற்பது பிறருடைய இசைவினால் என்பதே இதன் பொருள்.

7. நாம் கற்பன

முதலாவது, பொதுநிலம் என்னும் பெயர் ஒன்றே நீதியை உண்டாக்குவதில்லை. நம் ஊர்களிலும் மந்தை என வழங்கும் பொதுவெளிகள் உண்டு. ஊர் கூடும் அம்மந்தையில் சேரிமக்கள் நிற்பதற்கும் உரிமையற்றிருந்த காலம் தொலைவில் இல்லை. ஊர் என்பதில் யார் அடங்குவர் என்பதே வினா. நியூ ஹேவனின் ஏழு தூண்கள் அவ்வினாவிற்குச் சபைப்பதிவேட்டைக்கொண்டு விடையளித்தன. நம் ஊர்கள் சாதியைக்கொண்டு விடையளித்தன. கல்லறைத் தோட்டத்திலும் சாதியால் பிரிந்துகிடக்கும் நம் சபைகளுக்குப் பியூரிட்டன்களைக் குறைகூறும் தகுதி இல்லை.

இரண்டாவது, ஒரே சபைமரபு நார்ட்டனைச் சூடிட்டது; வாலியை ஒளித்தது; லூசி விற்கப்பட்டபோது ஆலயங்களோடு அருகே நின்றது; செங்பே பியேயின் விடுதலைக்கு உழைத்தது. மரபு தன்னளவில் எவரையும் மீட்பதில்லை. அம்மரபிற்குள் நின்று, திருமறையைத் தம்மவர்க்கு மட்டும் உரியதாக்காமல் வாசித்தவர்களே ஒவ்வொரு தலைமுறையிலும் அதனை மீட்டனர்.

மூன்றாவது, மிஷன் வளாகங்கள், பள்ளி மைதானங்கள், ஆலயத் தோட்டங்கள் எனத் திரளான நிலத்தை நம் சபைகள் பெற்றுள்ளன. அவற்றைக் குறித்த வழக்குகளும் விற்பனைகளும் நம் பேரவைகளின் நேரத்தைப் பெரிதும் விழுங்குகின்றன. நிலம் யாருடையது என்று வழக்காடும் நாம், நிலம் யாருக்காக என்று எப்போதாவது கேட்கிறோமா? சுற்றுச்சுவரை உயர்த்துவதற்குக் காணிக்கை சேர்க்கும் சபை, அச்சுவருக்கு வெளியே உச்சிவெயிலில் நிற்போருக்கு நிழல் தரும் கடமையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சுவரின்றி ஆலயங்கள் நிற்கக்கூடும் என்பதற்கு நியூ ஹேவனின் மூன்று ஆலயங்கள் இரு நூற்றாண்டுகளாகச் சான்று பகர்கின்றன. அவை நிற்கும் வெளியில் சபை செய்த தீமையும் நன்மையும் யாவர்க்கும் தெரியும்படி கிடக்கின்றன. அவ்வாறு தன் வரலாற்றை மறைக்க இயலாத இடத்தில் நிற்பதே சபைக்கு நலம். மனந்திரும்புதல் அங்கேயே தொடங்குகிறது.